காருக்கு வேக்ஸ் போடுறதுக்கு முன்னாடி அந்த பனியன் வேஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க | கோத்தகிரி வ்லாக்

வணக்கம் மக்களே, கேமரா கொஞ்சம் கோணலா இருக்கும், கண்டுக்காதீங்க, ட்ரைபாடை நேத்து குரங்கு தள்ளி விட்டுருச்சு, இப்ப வாட்டர் டேங்க் மேல வெச்சு ஓட்டிட்டு இருக்கேன்.

கமெண்ட்ல நிறைய பேரு கேட்டீங்க, அண்ணா கருப்பு காரு எப்படி மெயின்டெய்ன் பண்றீங்கன்னு. பண்ணவே இல்லைங்க, அதான் உண்மை. இருங்க காட்டுறேன்... போன் டார்ச்சை பானட் மேல அடிக்கிறேன், தெரியுதா? சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா கோடு. இதெல்லாம் நான் போட்டதுதான், மூணு வருஷமா தினமும் காலையில.

நம்ம ஊர்ல காலையில எழுந்தா காரு மேல பனி இறங்கி நிக்கும்ல, எல்லாரும் என்ன பண்ணுவோம், டிக்கியில கெடக்குற பனியன் வேஸ்ட்டை எடுத்து ஒரே இழுப்பு. கண்ணாடிக்கு ஓகே. பெயின்டுக்கு வேணாங்க. அந்தப் பனித் தண்ணி தூசியை அடிச்சுட்டுப் போற அளவுக்கு இருக்காது, சும்மா ஈரமாக்கி ஒட்ட வைக்கும், அதை நாம தேய்க்கும்போது உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

அதனால இன்னைக்கு மொதல்ல துணியே படாம வெறும் தண்ணி, ரூஃப்ல இருந்து கீழே. அப்புறம் ரெண்டு பக்கெட், ஒண்ணுல கார் ஷாம்பூ, இன்னொண்ணுல நல்ல தண்ணி. ஒரு டோர் முடிச்சதும் க்ளவுஸை நல்ல தண்ணியில அலசிட்டுதான் மறுபடி ஷாம்பூல முக்கணும், அடியில எவ்ளோ மண்ணு நிக்குது பாருங்க. வீலுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவுற லிக்விட் மட்டும் வேணாம், இருக்கிற வேக்ஸையும் கழட்டிட்டுப் போயிடும். நம்ம மலைத் தண்ணிக்கு ஷாம்பூ கொஞ்சம் போட்டாலே நுரை அள்ளும், கோயம்புத்தூர்ல மாமா வீட்டு போர் தண்ணியில கழுவினா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி நிக்கும், அந்தக் கொடுமை இங்க இல்ல.

கழுவிட்டா முடிஞ்சுதா? மெல்லிசான கவர்ல கையை விட்டு பெயின்ட் மேல தடவிப் பாருங்க, நீலகிரியில கேரி பேக் தடை, அதனால நான் பிரெட் கவர் வெச்சிருக்கேன் ஹா ஹா. சொர சொரன்னு இருக்கா? கற்பூர மரத்துப் பிசினு, அப்புறம் பிரேக் தூள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது செகண்ட் கியர் போடாம பிரேக்லயே கால் வெச்சு இறங்குறவங்க காரு பின் டோரை இதே மாதிரி தடவிப் பாருங்க, பொடிப் பொடியா இரும்பு குத்தி நிக்கும். இதுக்குதான் க்ளே பார், களிமண்ணு மாதிரி ஒரு கட்டி, பெயின்ட்ல குத்தி நிக்கிறதை இழுத்து எடுத்துடும். ஷாம்பூ தண்ணி விட்டு வழுக்கிட்டே போகணும், அழுத்தக் கூடாது, கீழே விழுந்துருச்சுன்னா அந்தத் துண்டை மறந்துருங்க.

அடுத்து பாலிஷ். இங்கதான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. பாலிஷ் வேற வேக்ஸ் வேறங்க. பாலிஷ் சுரண்டும், வேக்ஸ் மேல பூசும். பெயின்ட் மேல இருக்கிற க்ளியர் கோட் சுமாரா 40, 50 மைக்ரான்தான், தலைமுடி கனம் கூட வராது, அதுல இருந்துதான் நீங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுக்குறீங்க. போன வருஷம் ஒரு ஃப்ரெண்ட் கிட்ட ரோட்டரி மெஷினை, அதான் சுத்திச் சுத்தி பாலிஷ் போடுற மெஷினை வாங்கிட்டு வந்து, ரப்பிங் காம்பவுண்டை, அதாவது நல்லா சுரண்டுற பாலிஷைப் போட்டு, பானட் ஓரத்துல ஒரே இடத்துல நிறுத்தி... இதோ, இந்த மடிப்புல வெளுப்பா ஒரு கோடு. பேட்ல கருப்புக் கருப்பா ஒட்டுது, நான் அழுக்கு வருதுன்னு சந்தோஷமா ஓட்டிட்டு இருக்கேன், அது என் பெயின்டு. ஓரத்துலதான் கோட் இன்னும் மெல்லிசு, மெஷின் போட்டா ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. இன்னைக்கு கையாலதான், மைல்டு பாலிஷ், பானட்டும் ரூஃபும் மட்டும். எல்லாக் கோடும் போகாது, போகவும் வேணாம்.

வேக்ஸ், கார்னூபா. பிரேசில்ல இருக்கிற ஒரு பனை மரத்து இலையில இருந்து எடுக்குறது. குளிர்தானே, நம்ம ஊருக்கு எதுக்கு வேக்ஸுன்னு கேக்காதீங்க, 1000 மீட்டர் ஏறினா வெயில்ல இருக்கிற யூவி கதிர் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும், ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கிறப்பவே மூக்கு கருத்துடுதுல்ல, அதே கதைதான் பெயின்டுக்கும். ரொம்ப மெல்லிசா பூசுங்க, வெண்ணெய் தடவுற மாதிரி அப்பினா துடைக்க முடியாது. டப்பாவுல அஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்கும், அது கீழ இருக்கிறவங்களுக்கு. இங்க ஈரக்காத்துல இருவது நிமிஷம் ஆனாலும் ஆகும். விரலால ஒரு கோடு இழுங்க, சுத்தமா பளபளன்னு வந்தா துடைக்கலாம், ஈஷுச்சுன்னா விட்ருங்க. பதினொண்ணுல இருந்து ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடணும், அதுவும் நிழல்ல.

இப்ப மணி... ஒண்ணே முக்கால். அந்த டீத்தோட்டத்துப் பக்கம் பாருங்க, சில்வர் ஓக் எல்லாம் மறையுது, மிஸ்ட் ஏறிட்டு வருது. ரெண்டு டோர் பாக்கி. அம்மா, அந்த மஞ்ச மைக்ரோஃபைபர் துணியை எடுத்துப் போடுங்க சீக்கிரம்... ஐயோ அது பனியன் வேஸ்ட்டும்மா!