கடல் சளி மறுபடி எப்போது வரும்?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். புள்ளியியல் வாத்தியாருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று முட்டம், குளச்சல் பக்கம் கேட்கிறவர்கள் சிரிக்கலாம். மீனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடலில் மிதக்கும் நுண்பாசிகள், சத்துகளின் அளவு மாறும்போது, குறிப்பாக பாஸ்பரஸ் குறையும்போது, கொழகொழவென்று ஒரு பொருளைக் கசியவிடும். வெப்பமும் அலையில்லாத அமைதியும் சேர்ந்தால் அது திரண்டு படலமாகிவிடும்; அதுதான் கடல் சளி. வலையை அடைக்கும்; அடியில் படிந்தால் சிப்பிகள் மூச்சுமுட்டிச் சாகும். 2021-இல் துருக்கியின் மர்மரா கடலை மூடியது இந்தக் கடல் சளிதான்.

இதற்கு நீண்ட பதிவு உள்ள இடம் இத்தாலிப் பக்கத்து அட்ரியாட்டிக் கடல். பட்டியல் 1729-இலேயே தொடங்குகிறது. அண்மைக்காலத்தைப் பாருங்கள்: 1988, 1989, 1991, 1997, 2000. இடைவெளி 1, 2, 6, 3 ஆண்டுகள். சராசரி 3. சரி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று சொல்லிவிடலாமா? 2000 முதல் 2004 வரை திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் பல ஆண்டுகள் பெரிதாக ஒன்றுமில்லை. 2024 கோடையில் மறுபடி பெரிதாக வந்தது. சராசரியை நாள்காட்டியாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

தாயம்கூடச் சில நேரம் அடுத்தடுத்து விழும், சில ஆட்டத்தில் விழவே விழாது. அதனால் கொத்தாக வந்தது என்பதற்காகவே காரணம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் 2009-இல் வெளியான இத்தாலிய ஆய்வு, சளி அதிகரிப்பைக் கடல்மேற்பரப்பின் வழக்கத்துக்கு மீறிய வெப்பத்தோடு இணைத்தது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. கூடவே ஒரு சந்தேகமும்: பார்க்க ஆள் கூடினால் பதிவும் கூடும்தானே?

அட்ரியாட்டிக் கணக்கை இங்கே ஒட்டவைக்க முடியாது. நமக்கு ஆனி, ஆடியில் கடல் கலங்கி, ஆழத்துச் சத்து மேலே வருகிறது. நம் அக்கம்பக்கத்தில் பதிவானவை, நுண்பாசிகள் திடீரென்று பெருகும் பாசிப்பெருக்கங்கள்: 2004 செப்டம்பரில் திருவனந்தபுரம் கரை, 2008, 2019-இல் மன்னார் வளைகுடா. மீன் செத்து ஒதுங்கினால்தான் செய்தியாகிறது.

கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்கள் யாராவது தேதி, காற்று, நீரின் நிறம், வலையில் வழவழப்பு உண்டா என்று நோட்டில் குறித்து வைத்தால் நல்லது. ஒன்றுமில்லாத நாளையும் எழுத வேண்டும். அந்த நாட்கள் விட்டுப்போனால், காற்றில்லாத நாட்களில் எத்தனைக்கு ஒருமுறை பாசி வந்தது என்று பார்க்க, வகுக்கும் எண்ணே நம்மிடம் இருக்காது.