மேய்ப்பர் மாறுவார், மந்தை நிற்கும்

நடுவர் அவர்களே, சபை உறவைத் தாங்கி நிற்பது சபையை நடத்தும் மேய்ப்பர் உண்மையாய் இருப்பதா, விசுவாசிகள் உண்மையாய் இருப்பதா என்பது இன்றைய கேள்வி. விசுவாசிகளின் உண்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குருவான புனித யோசப் வாஸைக் காட்டினார். நல்ல மேய்ப்பர் வந்தார், அணையப்போன விளக்கு எரிந்தது என்றார். சரி, அவர் வருவதற்கு முன்னால்? 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். ஒளித்துவைத்தவர்களின் தலைக்கும் ஆபத்து. வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 வருடங்கள்! அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை ஒரு குருவானவரைக் கண்ணால் காணாமலே வளர்ந்து, கல்யாணம் முடித்து, தன் பிள்ளைக்கும் செபம் சொல்லிக் கொடுத்திருக்கும். அடிகள் என்ன செய்தார்? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். முகம் மாறுவதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள், நடுவர் அவர்களே! 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் நமது காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயர் தெரியாத அந்த வீடுகளைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

நம் கண்முன் நடந்ததையும் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கொழும்பில் பொதுப் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அப்படியும் அந்தோனியார் கோயிலுக்கு வெளியே தெருவில் சனம் வந்து நின்றது. யார் கூப்பிட்டார்கள்?

அப்படியானால் மேய்ப்பர் செய்வதற்கெல்லாம் தலையாட்டச் சொல்கிறீர்களா என்று எதிரணி கேட்டது. இல்லவே இல்லை. தாவீது ராஜா பத்சேபாள் விஷயத்தில் தவறு செய்தபோது, நீயே அந்த மனுஷன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் நாத்தான் தீர்க்கதரிசி. சொல்லிவிட்டு எதிரிப் பாளயத்துக்கா போனார்? தாவீதின் கடைசிக் காலத்தில் அவர் மகன் சாலொமோன் ராஜாவாவதற்காக நின்றவரும் அவர்தான். அப்புறம் ஒன்று: பத்சேபாளிடம் தாவீதுக்குப் பிறந்த ஒரு மகனின் பெயரும் நாத்தான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வேதம் சொல்லவில்லை. எனக்கோ அதை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

எங்கள் சபையில் சில வருடங்களுக்கு ஒரு தடவை போதகருக்கு இடமாற்றம் வரும். ஆலயச் சாவி மட்டும் ஒரே ஐயாவின் இடுப்பில், கறுத்துப்போன நூலில் தொங்கும். ஒரு போதகர், வசதியான வீடுகளுக்கு மட்டும் ஜெபிக்கப் போகிறார் என்று சபையில் முணுமுணுப்பு. சிலர் வேறு சபைக்கே போய்விட்டார்கள். ஐயா போதகர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, தோட்டத்துச் சனம் உங்களைப் பார்த்துக் காத்திருக்கிறது, போதகர் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தார். வெளியில் யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறும் விடியற்காலையில் ஆலயக் கதவைத் திறந்தது அவர்தான். மூன்று வருடம் கழித்துப் போதகர் மாற்றலாகிப் போனபோது, மழையில் நனைந்துகொண்டு பெட்டிகளை லொறியில் ஏற்றியதும் அவர்தான்.