சந்தேகங்களுக்கு விளக்கம்: இங்கிலாந்துப் பட்டறைகளை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

வணக்கம். இந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஐயா கேட்டிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஜூன் மாதம் பர்மிங்காமில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறார். "அரண்மனையெல்லாம் மகள் காட்டிவிடுவாள். எனக்கு வேலை நடக்கிற பட்டறையைப் பார்க்க வேண்டும். பீங்கான், ஷூ, கத்திரிக்கோல், எதுவானாலும் சரி. வெளியாளை உள்ளே விடுவார்களா? எங்கே போகலாம்? என்ன வாங்கி வரலாம்?" என்று கேட்கிறார்.

ஐயா, விடுவார்கள். எல்லா இடத்திலும் அல்ல. ஆனால் நீங்கள் பத்து நாளில் பார்க்கக்கூடியதைவிட அதிகமான இடங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போங்கள். பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஸ்டோக் என்பது ஆறு சிறு நகரங்கள் சேர்ந்த ஊர். முன்னூறு ஆண்டுகளாகப் பீங்கான்தான் அதற்குச் சோறு போட்டது. வெள்ளைக் களிமண் அந்த ஊரில் கிடைப்பதில்லை, தென்மேற்கே கார்ன்வாலிலிருந்து வருகிறது. பிறகு ஏன் அங்கே தொழில் வளர்ந்தது? நிலக்கரி. ஒரு பங்கு மண்ணைச் சுட அதைவிட அதிக எடைக்கு நிலக்கரி வேண்டும். ஆகவே நிலக்கரியை மண்ணிடம் கொண்டுபோகாமல், மண்ணை நிலக்கரியிடம் கொண்டுவந்தார்கள். வண்டிப் பாதையில் போனால் பாதிச் சரக்கு உடைந்துபோகும் என்பதால் அந்த ஊர்ப் பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் முன்னின்று கால்வாய் வெட்ட வைத்தார். 1777-இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் 2,000 அளவில் இருந்த பாட்டில் வடிவச் சூளைகளில் இன்று ஐம்பதுக்கும் குறைவாகவே நிற்கின்றன. 1956-இல் புகைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு அவற்றில் நெருப்பு மூட்டுவது நின்றுபோயிற்று.

அங்கே மிடில்போர்ட் பாட்டரி என்று ஓர் இடம். பர்லீ என்ற பெயரில் நீலப் பூ போட்ட கோப்பைகளும் தட்டுகளும் வருமே, அவை அங்கேதான் உருவாகின்றன. கால்வாய்க் கரையில் செங்கல் கட்டடம், 1880-களின் கடைசியில் எழுந்தது. 2011 வாக்கில் கட்டடம் மிகவும் பழுதாகி, தொழிலே நின்றுவிடும் நிலை வந்தது. அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் அறக்கட்டளை ஒன்று அதை வாங்கிச் சீர்செய்து 2014-இல் திறந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய கட்டடத்தைக் காப்பாற்றி உள்ளே பொம்மை வைத்துக் காட்டவில்லை. அதே கூரையின் கீழ் அதே வேலை தொடர்கிறது.

நான் போனபோது பூ ஒட்டும் இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. பூ வடிவத்தைச் செப்பு உருளையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சூடான மை தடவி, மெல்லிய டிஷ்யூ தாளில் அச்சிடுகிறார்கள். ஈரம் காயாத அந்தத் தாளைக் கத்தரித்து, ஒருமுறை சுட்ட வெள்ளைக் கூஜாவின் மேல் கையால் ஒட்ட வேண்டும். கூஜாவுக்கு வயிறு இருக்கிறது, கழுத்து இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, தாளோ தட்டையானது. ஒட்டிக்கொண்டிருந்த அம்மா கைப்பிடி சேரும் இடத்தில் தாளைச் சிறு வெட்டாக நறுக்கி, விரலால் இழுத்து மடித்தார். பூவும் இலையும் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துகொண்டன. அளவுகோல் இல்லை, குறி போடவில்லை. பிறகு முரட்டுத் தூரிகையால் கூஜா முழுவதும் அழுத்தித் தேய்த்தார். அதன்பின் தண்ணீரில் கழுவினால் தாள் கழன்று வந்துவிடுகிறது, நீலம் மட்டும் மண்ணில் நிற்கிறது. கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சை ஏற்றுவது இதற்குப் பிறகுதான் என்பதால், எத்தனை ஆண்டு தேய்த்துக் கழுவினாலும் பூ போகாது. நான் அருகில் போய் ஒட்டு எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவரே நகத்தால் தொட்டுக் காட்டினார்.

அதே ஊரில், ஹான்லியில், எம்மா பிரிட்ஜ்வாட்டர் தொழிற்சாலையும் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே பூவை ஸ்பஞ்சில் வெட்டி, சாயத்தில் தோய்த்து ஒற்றுகிறார்கள். ஒற்றியவர் தன் அடையாளத்தைக் கோப்பையின் அடியில் போட்டுவிடுவார். கவிழ்த்துப் பாருங்கள்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை போகாதீர்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்சாலைக்கு வெள்ளி பிற்பகல் போனேன். டிக்கெட் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். உள்ளே போனால் எல்லா இயந்திரமும் துணி மூடிக் கிடந்தது. இங்கே பல பட்டறைகளில் வெள்ளிக்கிழமை நண்பகலோடு வேலை முடிந்துவிடும். அதை நுழைவுச் சீட்டு கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதனால் பதிவு செய்யும்போதே "அந்த நேரத்தில் ஆட்கள் வேலை செய்வார்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஸ்டோக்கில் ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும் குயவர் விடுமுறை என்று பழைய வழக்கம் இருக்கிறது. நீங்கள் ஜூன் முதல் பாதியிலேயே போய்விடுவது நல்லது.

ஃபிட்டர் என்று சொன்னதால், இரண்டாவது நாள் கிடைத்தால் நான் உங்களை ஷெஃபீல்டுக்கு அனுப்புவேன். எர்னஸ்ட் ரைட் என்ற கத்திரிக்கோல் பட்டறை, 1902-இல் தொடங்கியது. 2018-இல் நொடித்துப்போய், கிட்டத்தட்ட மூடிய நிலையில் வேறு இருவர் எடுத்து நடத்த முன்வந்தார்கள். இரண்டு அலகையும் ஒன்றாகச் சேர்ப்பவருக்கு அங்கே 'புட்டர்' என்று பெயர். நம் மொழியில் 'சேர்த்துப் போடுபவர்' என்று சொல்லலாம்.

கத்திரிக்கோலின் இரண்டு அலகும் நேராக இருந்தால் வெட்டாது. இரண்டும் லேசாக வளைந்திருக்க வேண்டும். மூடும்போது ஒரே ஒரு புள்ளியில் மட்டும் உரசி, அந்தப் புள்ளி திருகாணியிலிருந்து நுனி வரை நகர்ந்து போக வேண்டும். அந்த வளைவைப் பட்டடைக் கல்லில் வைத்துச் சுத்தியால் தட்டி வரவழைக்கிறார்கள். தட்டுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திறந்து மூடுவார், காதால் கேட்பார், மறுபடி தட்டுவார். மாணவர்களுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த உங்களுக்கு அந்தச் சத்தம் எதைச் சொல்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் அழிந்துவரும் கைத்தொழில்களின் பட்டியல் ஒன்றை 2017-இல் முதன்முதலாக வெளியிட்டார்கள். கத்திரிக்கோல் செய்வது அதில் மிகுந்த ஆபத்தில் உள்ள தொழிலாக இருந்தது. கையால் கிரிக்கெட் பந்து தைப்பது அப்போதே அங்கே அற்றுப்போன தொழிலாகப் பதிவாகியிருந்தது. கிரிக்கெட் பிறந்த நாட்டில்! அதைப் படித்த அன்று எனக்கு மனம் கனத்துப்போயிற்று.

ஷூவுக்கு நார்த்தாம்ப்டன். மாடும், ஓக் மரப்பட்டையும், ஆற்று நீரும் இருந்ததால் தோல் தொழில் ஊன்றிய ஊர். ட்ரிக்கர்ஸ் 1829 முதலும், கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் 1879 முதலும் நடக்கின்றன. தோலைப் பாத அச்சின் மேல் இழுத்து, சுற்றிலும் ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையோடு அடித்தோலைத் தைப்பார்கள். அதனால்தான் அடி தேய்ந்தால் கழற்றி மாற்ற முடிகிறது. ஆனால் அங்கே பல தொழிற்சாலைகள் வெளியாளை உள்ளே விடுவதில்லை. வாசலில் இருக்கும் விற்பனைக் கடை மட்டும் திறந்திருக்கும். இரண்டாம் தரச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். ஷூ வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் போங்கள்.

மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பர்மிங்காமில் பேனா அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மையில் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவுக்கு முள் வேண்டுமே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் முள்களில் பெரும்பகுதி அந்த ஊரில் அடித்தவை. கை அச்சில் நீங்களே ஒரு முள் அடித்துப் பார்க்கலாம். மழை பெய்கிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் விரல் மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேலை செய்யும் ஒருவர் பக்கத்தில் பத்து நிமிடமாவது நின்று பாருங்கள், வழிகாட்டி அடுத்த அறைக்குக் கூப்பிட்டாலும் "கொஞ்சம் நிற்கட்டுமா?" என்று கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக, என்ன வாங்கி வரலாம் என்றீர்கள். ஸ்டோக்கில் தொழிற்சாலைக் கடையில் இரண்டாம் தரக் கோப்பை வாங்குங்கள். ஒரு பூ சற்று நகர்ந்திருக்கும், மெருகில் ஊசிமுனை அளவு புள்ளி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் விரிசல் இருக்கக் கூடாது. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்ப்போமே, அதேபோல் உள்ளங்கையில் நிறுத்தி விளிம்பைச் சுண்டுங்கள். கணீரென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், மங்கலாகக் கேட்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.