பூசுவதா, விடுவதா? – சேலம் பட்டிமன்றத்தில் 'விடுவதே' அணியின் பேச்சு

நடுவர் ஐயா அவர்களே, செவ்வாய்ப்பேட்டைப் பெருமக்களே, வணக்கம்.

"மேனியைக் காப்பது பூசுவதே" என்று எதிரணி அக்கா வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். சீரம், டோனர், எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு... கேட்கக் கேட்க லீ பஜார் மளிகைச் சீட்டு மாதிரியே இருந்தது. முகம் ஒன்றுதானுங்க அக்கா!

"இயற்கையானதைப் பூசினால் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்றும் கேட்டார். சேலத்தில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? மாங்காய் பறிக்கிறவர்களைக் கேளுங்கள். காம்பு ஒடிந்து பால் தெறித்த இடம் வெந்து கறுத்துப்போகும். அதுவும் இயற்கைதான். எலுமிச்சை மட்டும் என்ன? நம் தோலின் மேற்பரப்பே இலேசான புளிப்புதான், பிஎச் என்கிற புளிப்பு அளவுக் கணக்கில் 5-க்குப் பக்கம். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம். இந்தக் கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு. மூன்று எண் இறங்கினால் 1000 மடங்கு! அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், சாற்றில் உள்ள சில பொருள்கள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். கொப்புளம் ஆறினாலும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். சாதாரண சோப்பு அதற்கு நேர் எதிர்ப்பக்கம், 9, 10 என்று. கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். தோலைக் காக்கிற எண்ணெய்ப்பசை போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

"அப்போ சன்ஸ்கிரீனையும் விட்டுடலாமா?" என்று முன்வரிசையில் ஒரு தங்கச்சி சிரிக்கிறது. வேண்டாம்மா, அதைப் பூசு. எதிரணிக்கு அந்த ஒரு மதிப்பெண்ணை நானே தருகிறேன். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கீழே சேலத்தில் சுட்டால் நிழல் தேடுகிற நாம், மேலே குளிருகிறதே என்று உச்சி வேளையில் ஏரிக்கரையில் படகுக்கு நிற்கிறோம். மெல்லிய மேகம் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் டியூப்பில் போட்டிருக்கிற எஸ்.பி.எஃப். 30 என்கிற பாதுகாப்பு எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்த கணக்கு. நாம் பூசுவது பொட்டளவு. ஜவ்வரிசிக் களத்தில் மாவு காயவைக்கிற அக்காமார் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டுகிறார்களே, அதற்குப் பொட்டளவுக் கணக்கு கிடையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதும் இல்லை.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். மங்கு, பரு, கறுப்பு என்று எதற்கும் மெடிக்கல் ஷாப்பில் வாயால் கேட்டு வாங்குகிற கிரீம். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது தோல் அழற்சியை அடக்குகிற வீரியமான மருந்து. கொஞ்ச நாள் முகம் வெளுக்கும், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், சந்தோஷம்தான். அப்புறம் தோல் மெலிந்து ரத்த நாளம் சிவப்பாகத் தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி முளைக்கும். படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். மருத்துவர் எழுதித் தந்தால் எத்தனை நாள் என்பதையும் சேர்த்தே சொல்வார். நாம் அந்த ஒரு சீட்டை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். போதாததற்கு நாத்தனாருக்கும் கடன் கொடுக்கிறோம்! 2018-லேயே மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீட்டில்லாமல் விற்கவே கூடாது.

மணி அடிக்கப் போகிறார்கள், தெரிகிறது. தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. வறண்ட கைகாலுக்கு அது நல்லதுதான், பரு வருகிற முகத்துக்கு வேண்டாம்.

நடுவர் ஐயா, அடுத்து வருகிற எதிரணித் தம்பிக்கு ஒரே கேள்வி. அந்த ஸ்டீராய்டு கிரீமை ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் தீயாக எரிகிறது என்று தோல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து அழுகிற பெண்ணுக்கு, இன்னும் எதைப் பூசச் சொல்லப் போகிறீர்கள்?