அவரவர் டிசம்பர் 26

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் மீனவப் பஞ்சாயத்தார்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பொன்னாடை வேண்டாம் என்றும் கேட்காமல் இரண்டு போர்த்திய தலைமையாசிரியர் அவர்களே! போன வருடம் கூட்டுறவுச் சங்கத் தலைவரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஐயா, இந்த முறை முதல் வரிசையிலேயே பார்த்துவிட்டேன். வணக்கம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். சுனாமியை நினைவுகூர்வது எப்படி, பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி, அரசு செய்ய வேண்டியது என்ன. பார்ப்போம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி குலுங்கியபோது நமக்கு மணி காலை ஆறரை. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்லத்தான் ஆளில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பரங்கிப்பேட்டை ஜமாத்தார் சோறாக்கி வந்து குப்பத்து மக்களுக்குப் போட்டதை மறக்க முடியுமா?

இன்று ஒருவர் கடலில் பால் ஊற்றுகிறார். வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடக்கிறார்கள். உடனே வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, “பாலை ஏன் வீணாக்குகிறீர்கள்?” என்கிறார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிற பழமொழி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் டீக்கடை அண்ணன் கதை சொல்கிறேன். இந்த நாளில் ஊரே கடை அடைக்கும், அவர் மட்டும் திறப்பார். மூன்று வருடம் முன்பு, சட்டையில் கறுப்புத் துணி குத்திய ஒரு தம்பி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் வரிசையாக டீ வைத்திருந்தது. ஒரு கிளாஸை எடுத்து உறிஞ்சிக்கொண்டே, “பெரியப்பா, இன்னைக்குமா வியாபாரம்? வெட்கமா இல்ல?” என்று பிடித்தார் ஒரு பிடி. டீ தீரும்வரை திட்டினார்! காசு நீட்டினார், அண்ணன் வாங்கவில்லை. அதற்கும் கோபித்துக்கொண்டு போனார்.

அப்புறம் நான் கேட்டேன். அன்றைக்கு அந்த பெஞ்சில் எட்டுப் பேர் டீ கேட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேர்தான் பிழைத்தார்கள். அதனால் வருடா வருடம் ஐந்து டீ போட்டு பெஞ்சில் வைக்கிறார். தம்பி குடித்தது அதில் ஒன்று. “ஏன் அண்ணே சொல்லல?” என்றேன். “குடிக்கட்டும். சாயங்காலம் கொட்டத்தானே போறேன்” என்றார்.

தலைவலியும் திருகுவலியும்... சரி, மீதி உங்களுக்கே தெரியும்.

அவரவர் வழி அவரவருக்கு. என் வழி, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக் கன்று நடுவது. பிச்சாவரத்தில் அலையாத்தி வகையான சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. கடலை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தே போனது. நம் வாய்க்கால் கரையில் நட இடம் கேட்டு ஐந்து மனு கொடுத்துவிட்டேன். கடைசி மனுவுக்கு, முதல் மனுவின் நகல் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது! இந்த மேடையிலேயே ஆறாவது மனுவைத் தலைவர் அம்மாவிடம் கொடுக்கிறேன். அம்மா, கையெழுத்துப் போட பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.

மற்ற இரண்டு விஷயங்கள் அடுத்த வருடம். பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார், அவருக்கு ஏழு மணிக்குத் திருப்பலி. நாளைக் காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் 200 கன்று இருக்கும். கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்தாலும் சரி, பால் சொம்போடு வந்தாலும் சரி. செருப்பு மட்டும் வேண்டாம், சேற்றில் மாட்டிக்கொள்ளும். டீ அண்ணன் தருகிறார்.