சிடுசிடுக்கும் லென்னி பிரிஸ்கோ

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சித் துப்பறிவாளர்களில் யாராவது ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டபோது, எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. லென்னி பிரிஸ்கோதான். அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி 1990இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் வரும் நியூயார்க் கொலைவழக்கு டிடெக்டிவ். நடித்தவர் ஜெர்ரி ஆர்பக். 1992இல் தொடருக்குள் வந்தவர், 2004 வரை இருந்தார்.

தொங்கிப்போன கண்கள், மடிப்பு விழுந்த முகம், நீளக் கோட்டு. தொடக்கக் காட்சியில் பிணத்தைக் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து எடக்காக ஒரே ஒரு வரி சொல்வார், உடனே தலைப்பு இசை வந்துவிடும். பல பேருக்கு அவர் என்றால் அந்த ஒரு வரிதான். எனக்கு அது போதாது.

குடி, விவாகரத்து, மேலதிகாரியோடு சண்டை. சிடுமூஞ்சி போலீஸ்காரர் என்றாலே இந்த மூன்றும் இருக்கும். பிரிஸ்கோவுக்கும் இரண்டு முறிந்த திருமணங்கள், விட்டொழித்த குடி, அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாத மகள் என்று எல்லாம் உண்டு. ஆனால் இந்தத் தொடரின் அமைப்பே வேறு. பாதி நேரம் போலீஸ் விசாரணை, மீதிப் பாதி அரசு வழக்கறிஞர்களும் நீதிமன்றமும். ஆக, பிரிஸ்கோவுக்குக் கிடைப்பது வாரத்துக்கு இருபது நிமிடம் சொச்சம், அதிலும் வழக்கை நகர்த்தவே நேரம் போதாது. அவர் வீட்டில் உட்கார்ந்து அழுவதைக் காட்ட இடமே இல்லை. அதனால் அவருடைய வாழ்க்கை, காரில் போகும்போதோ மாடிப்படி ஏறும்போதோ, யாரோ ஒரு சாட்சியின் பிள்ளையைப் பற்றிப் பேசும்போதோ, அரை வாக்கியமாக வந்து விழும். அந்த அரை வாக்கியங்களை வருஷக்கணக்கில் நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம். கஞ்சத்தனமான இந்த எழுத்துதான் அவரை நிஜ மனிதராக்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் 1996. ஆறாவது சீசனின் கடைசிப் பகுதி. நியூயார்க் மாநிலம் மரண தண்டனையை 1995இல் திரும்பக் கொண்டுவந்திருந்தது. (நிஜத்தில் அந்தச் சட்டத்தின்கீழ் ஒருவருக்குக்கூடத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை.) கதையில் பிரிஸ்கோவும் அவருடைய கூட்டாளி ரே கர்டிஸும், அரசு வழக்கறிஞர்கள் ஜாக் மெக்காயும் கிளேர் கின்கெய்டும், தாங்கள் பிடித்துத் தண்டனை வாங்கிக்கொடுத்த ஒருவன் விஷ ஊசியில் சாவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். அன்று புது வழக்கு எதுவும் கிடையாது. அந்த நாளை நால்வரும் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் முழுக் கதையும். மகளைப் பார்க்கப் போய், அதுவும் சரிப்படாமல், இத்தனை வருஷம் தொடாத குடியை அன்று பிரிஸ்கோ தொடுகிறார். அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காகக் காரில் ஏற்றிக்கொண்ட கிளேர், வழியில் விபத்தில் இறந்துபோகிறாள். இடித்தவன் குடித்திருந்தான் என்பது பிற்பாடு தெரிகிறது. வேறொரு தொடராக இருந்தால் இந்தக் குற்ற உணர்ச்சியை வைத்தே அடுத்த வருஷம் முழுவதையும் ஓட்டியிருப்பார்கள். இங்கே பிரிஸ்கோ மறுபடி வேலைக்கு வருகிறார், அதே எடக்குப் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

1998இல் அந்த மகள் கேத்தி, போதைப்பொருள் விற்ற ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போய்க் கொல்லப்படுகிறாள். அங்கேயும் ஆர்பக் கத்திக் கதறவில்லை. முகம் அப்படியே சரிகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆர்பக், போலீஸ் வேடத்துக்கு முன் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பாடி ஆடிப் பெயர் வாங்கியவர். 1969இல் இசை நாடகத்துக்காக டோனி விருது பெற்றவர். டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் பேசிப் பாடும் மெழுகுவர்த்தித் தண்டின் குரல் இவருடையது! ஒரு வரியை எங்கே நிறுத்தி எங்கே விடவேண்டும் என்ற தாளக்கட்டு மேடையிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். மிருதங்கக்காரர் இடம் விட்டு அடிப்பதுபோல, கூட்டாளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியில் இரண்டே சொல் போடுவார்.

2004இல் இதே வரிசையில் உருவான புதுத் தொடருக்கு மாறி, இரண்டு பகுதிகளில் நடித்தார். அவை ஒளிபரப்பாவதற்கு முன்பே, 2004 டிசம்பர் 28 அன்று, புரோஸ்டேட் புற்றுநோயால் 69 வயதில் காலமானார். அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டு, நியூயார்க்வாசிகள் இருவருக்குப் பார்வை கிடைத்தது.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன அந்த 1996 பகுதிக்கு நேராகப் போய்விடாதீர்கள். மூன்றாவது சீசனின் நடுவில் அவர் நுழையும் இடத்தில் ஆரம்பித்து, பத்துப் பதினைந்து சாதாரண வழக்குகளில் அவரோடு தெருத்தெருவாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அன்று அவர் கையில் எடுக்கும் அந்தக் கோப்பை உங்களுக்கு வெறும் கோப்பையாகத்தான் தெரியும். நன்றி, வணக்கம்.