மலிவு ஒயினில் எது தேறும்?

வணக்கம், நேயர்களே. ஐரோப்பியக் கடைகளில் பத்து யூரோவுக்குள் கிடைக்கும் ஒயின்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த விலையில் வெள்ளை ஒயின் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை, சிவப்புதான் சோதிக்கும்.

காரணம், திராட்சைத் தோல். வெள்ளைக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சாற்றோடு ஊறுகின்றன. நிறத்தோடு துவர்ப்பும் இறங்குகிறது. அது அடங்க நாளாகும். நாள் என்றால் கிடங்கு, பீப்பாய், முடங்கிக் கிடக்கும் முதல். மலிவாக விற்பவர் எங்கே காத்திருப்பார்?

வெள்ளையில் என் தேர்வு மஸ்கடே. பிரான்சில் லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், நான்ட் நகரைச் சுற்றி விளைவது. 1709 குளிர்காலத்தின் கடும் உறைபனியில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் மெலோன் வகை பரவியது. உண்மையில் சப்பென்ற திராட்சைதான். ஆனால் அடியில் படியும் ஈஸ்ட் மண்டியின் மேலேயே குளிர்காலம் முழுவதும் ஒயினை விட்டுவைத்தால், புளிப்போடு ரொட்டி மணமும் சற்றுக் கனமும் சேர்கின்றன. லேபிளில் 'சுர் லீ' என்று இருந்தால் அந்த வகை. போர்ச்சுகலின் வின்யோ வெர்தே இதைவிட இலேசு. நாவில் மெல்லச் சுருக்கென்று குமிழிடும். வெயிலுக்கு இதம், இரண்டாவது கோப்பையில் எனக்குச் சலித்துவிடுகிறது.

சிவப்பில், காத்திருக்கத் தேவையில்லாத, பிரான்சின் பொஜொலே பகுதி ஒயினை வாங்கலாம். அதன் காமே திராட்சையை 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அது தழைத்தது. அங்கே குலைகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் இடுவதால் துவர்ப்பு குறைவு.

அல்லது, உங்களுக்காக வேறொருவர் காத்திருந்த ஒயினை வாங்கலாம். ஸ்பெயினின் ரியோஹாவில் 'கிரியான்சா' என்று லேபிள் ஒட்ட, சிவப்பு ஒயின் இரண்டு ஆண்டுகள் முதிர வேண்டும். அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். அமெரிக்க ஓக்காக இருந்தால் வனிலாவும் தேங்காயும் மணக்கும். சிலர் முகம் சுளிப்பார்கள். ஆட்டிறைச்சியோடு எனக்கு அது தேவாமிர்தம்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது வெள்ளையை மிகையாகக் குளிர்விக்காதீர்கள், மணம் அடங்கிவிடும். சிவப்பில் பொஜொலேயை மட்டும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். விலையும் பெயரும் தெரியாதபடி பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிவிடுங்கள். ரியோஹா கடைசியில் வரட்டும். அதை முதலில் குடித்தால் பொஜொலே வெறும் தண்ணீராகத் தோன்றும்.